கடிவாளத்தை விடு... காசை எடு!

குதிரைப் பந்தயம் என்றால் நமக்குத் தெரிந்தது ஒன்றுதான். பத்துப் பன்னிரண்டு குதிரைகள் ஓடும். எது முதலில் வருகிறதோ அது ஜெயித்தது. நாம் பணம் கட்டியது எதுவோ, அது கடைசியில் வரும்!

அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாநிலத்து ஃபோர்ட் வொர்த் நகரத்தில் வேறு மாதிரி ஒரு போட்டி வருடா வருடம் நடக்கிறது. ஒரே ஒரு குதிரை. எதிரே ஒரே ஒரு மாடு. ஓடித் தொடவேண்டிய எல்லைக்கோடு கிடையாது. நேரம் இரண்டரை நிமிடம். மந்தையிலிருந்து பிரித்த மாட்டைத் திரும்ப மந்தைக்குள் போகவிடாமல் குதிரை மறிக்கவேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், மேலே உட்கார்ந்திருக்கிற ஆசாமி கடிவாளத்தை இழுத்து வழி சொல்லக்கூடாது. சொன்னால் மார்க் போச்சு. குதிரை தானாகவே யோசித்து, தானாகவே பாய்ந்து, தானாகவே நிற்கவேண்டும்.

முதல் பரிசு? இரண்டு லட்சம் டாலருக்கும் மேலேகூடப் போயிருக்கிறது. நம்ம பணத்தில் ஒன்றரைக் கோடிக்கு மேல். நூற்றைம்பது செகண்டுக்கு ஒன்றரைக் கோடி என்றால், செகண்டுக்கு ஒரு லட்சம்! (பி.காம். படித்தவன் புத்தி இப்படித்தான் வேலை செய்யும்.) இந்தக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

போட்டியின் பெயர் 'கட்டிங்'. உடனே உதட்டை நக்கிக்கொள்ளவேண்டாம். மந்தையிலிருந்து ஒரு மாட்டை 'வெட்டி'ப் பிரிப்பதால் கட்டிங். இதில் ஓடும் குதிரை ஜாதிக்குப் பெயர் 'குவார்ட்டர் ஹார்ஸ்'. சத்தியமாக நான் கற்பனை பண்ணவில்லை. கால் மைல் தூரத்தை மின்னல் மாதிரி ஓடும் ஜாதி என்பதால் குவார்ட்டர். இந்த ஜாதிக்கான சங்கத்தை 1940-ல் ஆரம்பித்ததும் இதே ஊரில்தான். ஆக, கட்டிங்கும் குவார்ட்டரும் ஒரே இடத்தில் சேர்ந்து கிடைக்கிற ஊர் ஃபோர்ட் வொர்த்!

ஊரே ஒரு மாட்டுத் தொழுவம்

டல்லாஸுக்கும் ஃபோர்ட் வொர்த்துக்கும் பொதுவாக ஒரே விமான நிலையம். 1974-லிருந்து இயங்குகிறது. நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவைவிடப் பரப்பளவில் பெரியது. கிழக்கே போனால் கண்ணாடிக் கட்டடமும் கழுத்துப் பட்டையுமாக டல்லாஸ். மேற்கே போனால் தொப்பியும் பூட்ஸுமாக ஃபோர்ட் வொர்த். என்னை மேற்கே அழைத்துப் போனவன், டல்லாஸில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் கல்லூரி சிநேகிதன். பத்து வருஷமாக அங்கே குடியிருக்கிறான். ஒரு தடவைகூட இந்தப் போட்டியைப் பார்த்ததில்லை. "ஏண்டா, நயாகரா, டிஸ்னி எல்லாம் விட்டுட்டு மாடு பார்க்கவாடா இவ்வளவு தூரம் வந்தே?" என்று வழி முழுக்கப் புலம்பிக்கொண்டே கார் ஓட்டினான்.

இந்த ஊருக்கு 'மாட்டூர்' என்று செல்லப் பெயரே உண்டு. உள்நாட்டுப் போர் 1865-ல் முடிந்தபோது டெக்ஸாஸில் மாடுகள் ஏராளம். வாங்க ஆள் இல்லை. வடக்கே நல்ல விலை. கான்ஸாஸ் மாநிலத்தில் ரயில் இருந்தது. 1867-லிருந்து மந்தை மந்தையாக மாடுகளை ஓட்டிக்கொண்டு 'சிஷம் டிரெயில்' என்ற தடத்தில் கிளம்பினார்கள். வழியில் சாமான் வாங்கவும், தொண்டையை நனைக்கவும் ஒரு ஸ்டாப்பிங் ஃபோர்ட் வொர்த். 1876-ல் இந்த ஊருக்கே ரயில் வந்துவிட, மாட்டுச் சந்தையும் கூடவே வளர்ந்தது.

அந்தக் காலத்து மேய்ச்சல் நிலத்தில் வேலி கிடையாது. முள்கம்பிக்கு கிளிட்டன் என்பவர் பேட்டன்ட் வாங்கியதே 1874-ல்தான். என் மாடு, உன் மாடு, பக்கத்து ஊர்க்காரன் மாடு எல்லாம் ஒன்றாகக் கலந்து மேயும். வருஷத்துக்கு இரண்டு முறை மொத்தத்தையும் வளைத்துக்கொண்டு வந்து, சூடு போட்ட அடையாளத்தைப் பார்த்து, அவரவர் மாட்டைப் பிரித்து எடுக்கவேண்டும். ஆயிரக்கணக்கான மாடுகளுக்கு நடுவில் சத்தம் போடாமல் நுழைந்து, ஒரே ஒரு மாட்டை மட்டும் வெளியே கொண்டுவந்து, அது திரும்ப ஓடாமல் தடுக்கவேண்டும். மாடு ஒரு பக்கம் பாய்ந்தால் அதே நொடியில் குதிரையும் பாய வேண்டும். மனுஷன் பார்த்து, யோசித்து, கடிவாளத்தை இழுத்து... அதற்குள் மாடு மாமியார் வீட்டுக்கே போய்ச் சேர்ந்துவிடும். அதனால்தான் மாட்டின் கண்ணையும் காதையும் பார்த்தே அதன் உத்தேசத்தைப் புரிந்துகொள்கிற குதிரைக்குத் தனி மரியாதை.

ரிட்டயர் ஆன குதிரை அடித்த சிக்ஸர்

மரியாதை இருந்தால் போட்டி வரும். போட்டி வந்தால் பணம் வரும். பரிசுப் பணத்தோடு நடந்ததாகப் பதிவாகியிருக்கும் முதல் கட்டிங் போட்டி 1898-ல், டெக்ஸாஸின் ஹாஸ்கல் என்ற ஊரில். பக்கத்து ரயில் நிலையம் ஐம்பது மைல் தள்ளி. அப்படியும் வண்டி கட்டிக்கொண்டும் குதிரை ஏறியும் பதினைந்தாயிரம் பேர் வந்தார்கள் என்று சொல்கிறார்கள். முதல் பரிசு 150 டாலர்.

சாம் கிரேவ்ஸ் என்ற கௌபாயிடம் 'ஹப்' என்று ஒரு குதிரை. வயது 22. குதிரைக்கு அது பென்ஷன் வாங்குகிற வயது. வேலையிலிருந்து ஓய்வு கொடுத்து மேயவிட்டிருந்த அந்தக் கிழட்டுக் குதிரையைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்து களத்தில் இறக்கினார். இளவட்டக் குதிரைகளையெல்லாம் ஓரம் கட்டிவிட்டு 150 டாலரை ஹப் தட்டிக்கொண்டு போனது. ரிட்டயர்மென்டுக்கு இரண்டு வருஷம் இருக்கும்போதே நாற்காலியில் தூங்க ஆரம்பிக்கும் சீனியர்கள் கவனிக்கவும்.

1946-ல் குதிரைக்காரர்கள் சிலர் ஃபோர்ட் வொர்த்தில் கூடி 'தேசிய கட்டிங் ஹார்ஸ் சங்கம்' ஆரம்பித்தார்கள். 1962-ல் ஸ்வீட்வாட்டர் என்ற ஊரில் ஒரு புதுப் போட்டி: 'ஃபியூச்சரிட்டி'. நான் பார்க்கப் போனது இதைத்தான். பிற்பாடு ஃபோர்ட் வொர்த்துக்கு இடம் மாறி, இப்போது நவம்பர் – டிசம்பரில் வாரக்கணக்கில் நடக்கிறது.

இதற்கு ஒரு நிபந்தனை. மூன்று வயதுக் குதிரைகள் மட்டுமே. அதற்கு முன்னால் வேறு எந்தப் போட்டியிலும் மாட்டை மறித்திருக்கக் கூடாது. எல்லோரும் ஃப்ரெஷர்! அனுபவம் உள்ளவர் விண்ணப்பிக்கவேண்டாம். ஆக, ஒரு குதிரைக்கு வாழ்க்கையில் இது ஒரே ஒரு தடவை. அன்றைக்கு ஜலதோஷம் என்றால் போயே போச்சு. அரியர்ஸ் எழுத வழியில்லை.

சிரிப்பு எழுத்தாளர் பெயரில் அரங்கம்

போட்டி நடக்கிற இடம் வில் ராஜர்ஸ் நினைவு அரங்கம். 1936-ல் கட்டியது. நடுவில் தூண் ஒன்றுகூட இல்லாமல் பெரிய கூரை. வில் ராஜர்ஸ் யார் என்று விசாரித்தால், கயிற்றுச் சுருக்கு வீசுவதில் மன்னன், மேடை நடிகர், சினிமா நடிகர், எல்லாவற்றுக்கும் மேலே பத்திரிகையில் நகைச்சுவைப் பத்தி எழுதியவர்! 1935-ல் அலாஸ்காவில் விமான விபத்தில் இறந்துபோனார். வாசலில் குதிரை மேல் அவர் உட்கார்ந்திருக்கிற சிலை. 1947-ல் திறந்துவைத்தவர் பின்னால் ஜனாதிபதியான ஐசனோவர். பத்தி எழுதினவனுக்குச் சிலை, அதுவும் குதிரையோடு! ஒரு நிமிஷம் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போனேன். சிநேகிதன் தலையில் அடித்துக்கொண்டான்.

உள்ளே மண் தரை. ஒரு கோடியில் மாட்டு மந்தை. முதலில் இரண்டு பேர் குதிரையில் மந்தைக்குள் மெதுவாகப் போய் வந்து மாடுகளின் படபடப்பை அடக்குகிறார்கள். அது முடிந்ததும் போட்டியாளர் வருகிறார். நேரக்கோட்டைக் குதிரை தாண்டியதும் கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது.

அவருக்கு உதவியாக நாலு பேர். இரண்டு பேர் மந்தை சிதறாமல் இரு பக்கமும் நிற்பார்கள். இன்னும் இரண்டு பேர் எதிரே நின்று, மாடு தப்பித்துத் தூரமாக ஓடிவிடாமல் திருப்பிவிடுவார்கள். இந்த நாலு பேரையும் போட்டியாளரே அமர்த்திக்கொள்ளலாம். அதில் பாதிப் பேர் அதே போட்டியில் அதே பரிசுக்கு அடிபோடுகிறவர்கள்! இப்போது உனக்கு நான் மாடு திருப்புகிறேன், அடுத்து எனக்கு நீ. யாரும் யாருக்கும் குழி பறிப்பதில்லை. பறித்தால் அடுத்த தடவை தனியாகத்தான் மண்ணில் நிற்கவேண்டும். இன்க்ரிமென்ட் சமயத்தில் நம் ஆபீஸில் இப்படி ஒரு காட்சியைக் கற்பனை பண்ணிப் பார்த்தேன். முடியவில்லை.

மந்தைக்குள் இருக்கும்வரை கடிவாளத்தைப் பயன்படுத்தலாம். ஒரு தடவையாவது மந்தையின் உள்ளே ஆழமாகப் புகுந்து மாட்டைப் பிரிக்கவேண்டும் என்று விதி. ஏழெட்டு மாடுகளை முன்னால் தள்ளிக்கொண்டு வருவார். அவை ஒவ்வொன்றாக இரண்டு பக்கமும் நழுவி மந்தைக்குத் திரும்பும். கடைசியில் ஒன்றே ஒன்று நடுவில் தனியாக நிற்கும். இவர் கையைக் குதிரையின் கழுத்தில் இறக்குவார். கடிவாளம் தொளதொளவென்று தொங்கும். இன்னொரு கை சேணத்தின் கொம்பைப் பிடித்துக்கொள்ளும். காலால் லேசாகத் தட்டலாம். அவ்வளவுதான் அவர் உத்தியோகம். இனி எல்லாம் குதிரை.

அடுத்த காட்சியை எழுத்தில் கொண்டுவருவது சிரமம். குதிரை முன்னங்கால்களை மடக்கி, வயிறு தரையைத் தொடுகிற மாதிரி பம்முகிறது. முகம் மாட்டின் முகத்துக்கு நேரே. மாடு இடது பக்கம் பாய்ந்தால் குதிரையும் இடது. மாடு சட்டென்று நின்றால் இதுவும் நிற்கிறது. கண்ணாடியில் பார்க்கிற மாதிரி. அரை டன் எடையுள்ள பிராணி பூனை மாதிரித் துள்ளுகிறது! ஒவ்வொரு துள்ளலுக்கும் கூட்டம் விசில் அடிக்கிறது. என் சிநேகிதன் புலம்பலை நிறுத்திவிட்டு எழுந்து நின்றுவிட்டான். மூன்றாவது குதிரை வந்தபோது அவனும் விசில்.

மார்க் இப்படி: ஒவ்வொரு நீதிபதியும் 60-லிருந்து 80-க்குள் போடுவார். 70 என்றால் சுமார். ஐந்து நீதிபதிகள் இருந்தால் அதிக மார்க் ஒன்றையும் குறைந்த மார்க் ஒன்றையும் தூக்கிப் போட்டுவிட்டு மற்ற மூன்றைக் கூட்டுவார்கள். 220-ஐத் தாண்டினால் பேஷ். மாடு குதிரையை ஏமாற்றிவிட்டு மந்தைக்குள் புகுந்துவிட்டால் 5 மார்க் அபராதம். மாடு நிற்பதற்கோ திரும்புவதற்கோ முன்பே 'போதும்டா சாமி' என்று அவசரப்பட்டு விட்டுவிட்டாலும் 3 மார்க் கோவிந்தா. எந்த மாட்டைப் பிரிப்பது என்பதிலும் சூட்சுமம். ரொம்ப சாதுவான மாடு என்றால் குதிரையின் திறமை தெரியாது. ரொம்ப முரடு என்றால் மானம் போகும். அதனால் காலரியில் அவரவர் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்து, எந்த மாடு வந்தாகிவிட்டது, எது இன்னும் புதுசு என்று குறித்துக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு ஆடிட் ஆபீஸ் ஞாபகம் வந்தது.

95 டாலர் தாத்தா

பக்கத்து சீட் பெரியவர் ஒருவர், நாங்கள் புதுசு என்று தெரிந்ததும் வம்சாவளி சொல்ல ஆரம்பித்தார். இங்கே குதிரைக்கு ஜாதகம்தான் முக்கியம். எல்லாக் கதையும் சுற்றிச் சுற்றி 'டாக் பார்' என்ற குதிரையிடம் வந்து நின்றது.

டாக் பார் 1956-ல் பிறந்தது. ஓட்டப் பந்தயத்துக்கென்றே வளர்த்தார்கள். பந்தயத்தில் அது சம்பாதித்த மொத்தத் தொகை 95 டாலர்! வீட்டில் பேசாத பேச்சு பேசியிருப்பார்கள். அழகாக மட்டும் இருந்தது.

இன்னொரு பக்கம் 'போக்கோ லீனா' என்று ஒரு பெண் குதிரை. கட்டிங்கில் பெரிய பெயர். 1962-ல் அதன் சொந்தக்காரர் விமான விபத்தில் இறந்துபோனார். அந்தக் களேபரத்தில் டிரெயிலர் வண்டிக்குள் இருந்த குதிரையை நாட்கணக்கில் யாரும் கவனிக்கவில்லை. குளம்பில் நோய் கண்டு, ஓட்டமே முடிந்துபோனது. அந்த நொண்டிக் குதிரைக்கும் 95 டாலர் குதிரைக்கும் பிறந்த முதல் குட்டி 'டாக் ஓ லீனா'. 1970 ஃபியூச்சரிட்டியில் முதல் பரிசு! ஓட்டியவர் ஷார்ட்டி ஃப்ரீமன். அடுத்த வருஷம் அதன் தம்பி 'டிரை டாக்' முதல் பரிசு. ஓட்டியவர் பஸ்டர் வெல்ச். 1962-ல் நடந்த முதல் ஃபியூச்சரிட்டியிலேயே ஜெயித்தவர் இவர். மொத்தம் ஐந்து தடவை ஜெயித்துவிட்டு, 2022-ல் காலமானார்.

டாக் ஓ லீனாவின் மகன் 'ஸ்மார்ட் லிட்டில் லீனா'. பெயருக்கேற்றபடி சின்ன உருவம். 1982 ஃபியூச்சரிட்டியில் முதலிடம். ஓட்டியவர் பில் ஃப்ரீமன். ஷார்ட்டியின் மகன்! அப்பா குதிரையில் அப்பா, பிள்ளைக் குதிரையில் பிள்ளை. அடுத்த வருஷம் மற்ற இரண்டு பெரிய போட்டிகளையும் ஜெயித்து, மூன்று கிரீடமும் வாங்கிய முதல் குதிரை ஆனது. மொத்த சம்பாத்தியம் 7,43,275 டாலர். தாத்தா 95, பேரன் ஏழே கால் லட்சத்துக்கு மேல். 'நீ எதுக்கும் லாயக்கில்லை' என்று யாராவது சொன்னால் டாக் பாரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவேளை நம்மைத் தப்பான பந்தயத்தில் ஓடவிட்டிருக்கிறார்களோ என்னவோ!

பெண்களும் சளைத்தவர்கள் அல்ல. 1980-ல் லிண்டி பர்ச் என்ற பெண்மணி, ஆண்களும் பெண்களும் சேர்ந்து போட்டியிடும் பெரிய பிரிவில் முதலிடம் வாங்கினார். அந்தப் பிரிவில் ஜெயித்த முதல் பெண்.

ஓட்டைக் கணக்கு

இப்போது செகண்டுக்கு ஒரு லட்சம் என்ற கணக்குக்கு வருவோம். ஓட்டை நம்பர் ஒன்று: ஒரு ஓட்டத்தில் முடிவதில்லை. இரண்டு சுற்று, அரையிறுதி, இறுதி என்று நாலு தடவை இறங்கவேண்டும். ஓட்டை நம்பர் இரண்டு: பல நூறு குதிரைகள் இறங்கி, கடைசி இரவு வரை நிற்பவை இருபது சொச்சம். மொத்தப் பரிசுத் தொகை முப்பது லட்சம் டாலரைத் தாண்டிய வருஷங்கள் உண்டு. ஆனால் முதல் சுற்றுகளிலேயே வெளியேறுகிற குதிரையின் சொந்தக்காரருக்கு அதில் ஒரு டாலர்கூட கிடையாது.

ஓட்டை நம்பர் மூன்றுதான் பூசணிக்காய் சைஸ். குதிரையை வாங்கவேண்டும். இரண்டு வயதில் பழக்க ஆரம்பித்தால் போட்டி வரைக்கும் மாதாமாதம் டிரெய்னருக்குச் சம்பளம். தீவனம், லாடம், டாக்டர். நுழைவுக் கட்டணம் தவணை தவணையாக. பழகுவதற்கே மாடு வேண்டும், அதற்கும் காசு. இத்தனையும் செலவழித்த பிறகு ஒரு மாடு ஏமாற்றினால் எல்லாம் அவுட்.

அமெரிக்க வருமான வரிச் சட்டத்துக்கே இது தெரியும். ஒரு தொழில் ஐந்து வருஷத்தில் மூன்று வருஷம் லாபம் காட்டினால் அது பொழுதுபோக்கு அல்ல, நிஜமான தொழில்தான் என்று எடுத்துக்கொள்வார்கள். குதிரைத் தொழிலுக்கு மட்டும் சலுகை: ஏழு வருஷத்தில் இரண்டு வருஷம் லாபம் வந்தால் போதும். வரி வசூலிக்கிறவனே பரிதாபப்படுகிற தொழில் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

பணம் மட்டும் இல்லை. மூன்று வயதுக் குதிரைக்கு எலும்பு இன்னும் முழுசாக முற்றியிருக்காது. இந்தத் துள்ளலில் மூட்டுகள் என்ன பாடுபடும் என்று குதிரைப் பிரியர்களிலேயே பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இரண்டு வயதில் முதுகில் ஏறாதே, இன்னும் கொஞ்சம் வளரவிடு என்கிறது ஒரு கட்சி. அளவாகப் பழக்கினால் ஒன்றும் ஆகாது என்கிறது இன்னொரு கட்சி. பரிசு மூன்று வயதில் காத்திருக்கும்வரை, காத்திருக்கும் பொறுமை மனுஷனுக்கு வருமா என்பதுதான் விஷயம்.

நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது இளைஞன் ஒருவன் வந்தான். முப்பது வயதுகூட இருக்காது. பழுப்புக் குதிரை. முதல் மாட்டை அற்புதமாக மறித்தது. அரங்கமே கத்தியது. இரண்டாவதாக வெள்ளை முகத்தோடு ஒரு மாடு. இடது, வலது, இடது... மறுபடியும் இடதே போனது. குதிரை வலது பக்கம் சாய்ந்துவிட்டது. கண் மூடித் திறப்பதற்குள் மாடு மந்தைக்குள்! ஒரே நொடியில் விசில் நின்று, 'ச்சொ' என்று ஒரு சத்தம். பக்கத்து சீட் பெரியவர் நோட்டை மூடிக்கொண்டார்.

மிச்ச நேரம் இருந்தது. அவன் வெளியே போகவில்லை. திரும்ப மந்தைக்குள் நிதானமாகப் போய், மூன்றாவதாக ஒரு மாட்டைப் பிரித்து, மறுபடியும் கடிவாளத்தை அதேபோலத் தளர்த்தி விட்டான். சற்று முன் ஏமாந்த குதிரையிடமே! மணி அடிக்கிறவரை அது ஒரு அங்குலம் விடாமல் மறித்தது. முடிந்ததும் அவன் அதன் கழுத்தில் இரண்டு தட்டுத் தட்டினான். மார்க் போர்டைப் பார்க்கவே இல்லை. பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை என்று அவனுக்குத் தெரியும். என் சிநேகிதன் மட்டும் எழுந்து நின்று கை தட்டினான்.

போகிறவர்களுக்கு ஒரு தகவல். நவம்பர் கடைசி, டிசம்பர் முதல் வாரங்களில் அந்தப் பக்கம் போக வாய்த்தால், இறுதி இரவுக்குத்தான் போகவேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். ஆரம்பச் சுற்றுகளில் கூட்டம் குறைவு. குதிரையை நன்றாகப் பார்க்கலாம். அப்படியே பழைய மாட்டுச் சந்தைப் பேட்டைக்கும் ஒரு நடை. நீளக் கொம்பு மாடுகளை தினம் காலை பதினொன்றரைக்கும் மாலை நாலு மணிக்கும் தெருவில் ஓட்டிக்கொண்டு போகிறார்கள், சுற்றுலாப் பயணிகளுக்காக. குளிருக்கு ஸ்வெட்டர் அவசியம். தொப்பி வாங்கினால் விலையை ரூபாயில் மாற்றிப் பார்க்கவேண்டாம்; தலை சுற்றும்.

ஊர் திரும்பியதும் திங்கட்கிழமை காலை உங்கள் மேனேஜரிடம் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள்: "சார், ஒரே ஒரு இரண்டரை நிமிஷம் கடிவாளத்தை விட்டுப் பாருங்களேன்!" 5 மார்க் குறைந்தால் நான் பொறுப்பல்ல.